தலை குனிந்து நிற்கிறதா? சொறிந்து விடுங்கள்!

மக்காவ், காக்கட்டூ, ஆப்பிரிக்கன் கிரே என்று பேச்செடுத்தாலே கடியும் கத்தலும்தான் முதலில் பேசப்படும். இந்தக் கிளிகள் மனிதரிடம் எவ்வளவு ஒட்டிக்கொள்ளும், அந்த ஒட்டுதலை எப்படிக் கையாள்வது என்று ஓசூரிலிருந்து அரூர் வரை வாசகர்கள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். சில கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் மஞ்சள்-நீல மக்காவுக்கு ஒன்றே கால் வயது. கூண்டுக் கம்பியில் தலையைச் சாய்த்து, கழுத்து இறகையெல்லாம் உப்பிக்கொண்டு நிற்கிறது. சொறிந்து விட்டால் கண்ணை மூடிக்கொள்கிறது. சில சமயம் திடீரென்று கத்தி விரலைத் தட்டிவிடுகிறது. எங்கே தொடலாம், எங்கே கூடாது?
– வாசகி, ஓசூர்

உங்கள் கிளி கேட்பது கொஞ்சல் மட்டுமில்லை, ஒரு உதவியும்கூட. கிளி தன் உடம்பு முழுவதையும் அலகாலேயே கோதிக்கொள்ளும். தலைக்கும் பின்கழுத்துக்கும் மட்டும் அலகு எட்டாது. காட்டில் அந்த வேலையை இணைதான் செய்யும். உங்கள் வீட்டில் அந்த இணை நீங்கள்.

புது இறகு முளைக்கும்போது வெள்ளையாக, முள் மாதிரி ஒரு உறைக்குள் சுருண்டு வரும். உறை காய்ந்ததும் அரிக்கும். அதைத்தான் உதிர்த்துவிடச் சொல்கிறது. விரலை மேலிருந்து கொண்டுபோகாதீர்கள், பருந்து இறங்குவது போலத் தெரியும். அலகுக்கு நேராக, அது பார்க்கிற மாதிரி மெதுவாகக் கொண்டுபோங்கள். கழுத்திலிருந்து அலகுப் பக்கமாக, அதாவது இறகு படிந்திருக்கும் வாக்குக்கு எதிராக, விரல் நுனியால் நீவுங்கள். கண்ணுக்குப் பின்னால் இறகுக்கு அடியில் காதுத் துளை இருக்கும். அதைச் சுற்றியும் அலகின் ஓரத்திலும் நீவினால் பெரும்பாலான கிளிகள் சொக்கிப்போகும். முள் இறகு கையில் பட்டால் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாக உருட்டுங்கள், வெள்ளை உறை தூளாகக் கொட்டும்.

அது கத்துவதற்குக் காரணமும் இந்த முள்ளில்தான் இருக்கிறது. முள்ளின் நுனி வெள்ளையாக இருந்தாலும் அடிப்பகுதி கருநீலமாகவோ சிவப்பாகவோ இருந்தால் உள்ளே இன்னும் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அதை அழுத்தினால் நன்றாகவே வலிக்கும். கிளி கடிக்காமல் விரலைத் தட்டி விலக்குகிறது என்றால் உங்களை நம்பி, ‘அங்கே வேண்டாம்’ என்று சொல்கிறது. நுனி மட்டும் காய்ந்திருந்தால் நுனியை மட்டும் உதிர்த்துவிட்டு அடியை விட்டுவிடுங்கள். குளிப்பாட்டிய பிறகு உறை இளகியிருக்கும், அப்போது செய்வது சுலபம்.

தொடுவதற்கு எல்லை கழுத்து. முதுகு, இறக்கைக்கு அடி, வால் அடி, வயிறு எதையும் நீவக் கூடாது. கிளி உலகத்தில் அங்கெல்லாம் தொடுவது இனச்சேர்க்கைக்கு அழைப்பு. நாயைத் தடவுகிற மாதிரி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தால் கிளியின் உடம்பு முட்டை வைக்கும் பருவத்துக்குத் தயாராகிவிடும். இறக்கையைத் தொங்கவிட்டு நடுங்கும், மூச்சு வாங்கும், கையில் பின்பக்கத்தைத் தேய்க்கும், சோபாவுக்கு அடியிலும் அட்டைப்பெட்டிக்குள்ளும் புகுந்து கூடு தேடும், பக்கத்தில் வருபவர்களை விரட்டிக் கடிக்கும். பெட்டையாக இருந்தால் முட்டை சிக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே இந்த அறிகுறிகள் இருந்தால் பெட்டி, துணிப் பொந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தினமும் 12 மணி நேரம் இருட்டில் தூங்க வையுங்கள். வெதுவெதுப்பாக, குழைவாகச் சாப்பாடு கொடுப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள்.

ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். கண் பாப்பா சட்டென்று சுருங்கி விரிவது, வால் விசிறி மாதிரி விரிவது, பிடரி இறகு மட்டும் விறைத்து நிற்பது: இதில் எது தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். சந்தோஷம் முற்றினாலும் கடிதான் வரும்.

எங்கள் மக்காவிடம் பேசினால் வெள்ளைக் கன்னம் சிவக்கிறது. காய்ச்சலா?
– வாசகர், கிருஷ்ணகிரி

காய்ச்சல் இல்லை. மக்காவின் கன்னம், மெல்லிய கோடாகச் சில குட்டி இறகுகள் தவிர, வெறும் தோல். உணர்ச்சி கூடும்போது அங்கே ரத்தம் ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். பிரான்ஸ் ஆய்வாளர்கள் மனிதர் கையில் வளர்ந்த ஐந்து மஞ்சள்-நீல மக்காவ்களைக் கவனித்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பராமரிப்பாளர் முகம் பார்த்துப் பேசியபோது கன்னம் சிவப்பதும் உச்சந்தலை இறகு எழும்புவதும் அதிகம் தெரிந்தது. அவர் கண்டுகொள்ளாமல் முதுகு காட்டி நின்றபோது குறைந்தது.

ஆனால் சிவந்தாலே பாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோபத்திலும் பயத்திலும்கூடச் சிவக்கும். மற்ற உறுப்புகளைச் சேர்த்துப் பாருங்கள். இறகு தளர்ந்து, அலகோரத்து இறகு அலகை லேசாக மூடி, ஒரு காலைத் தூக்கி நின்றால் உங்களோடு நிம்மதியாக இருக்கிறது. உடம்பு விறைத்து முன்னால் சாய்ந்தால் கிட்டே போக வேண்டாம்.

கை நீட்டினால் முதலில் அலகால் பிடிக்கிறது. பேரப்பிள்ளைகள் பயந்து கையை இழுத்துக்கொள்கிறார்கள். கடிக்கத்தான் வருகிறதா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

ஏறத்தான் வருகிறது. கிளிக்கு அலகுதான் மூன்றாவது கால். கிளை தன் எடையைத் தாங்குமா என்று அலகால் பிடித்துப் பார்த்த பிறகே காலை வைக்கும். கவனித்துப் பாருங்கள்: மேல் அலகின் வளைவு உங்கள் கையில் படும், அழுத்தம் இருக்காது. உடனே உலர்ந்த, தடித்த நாக்கு வந்து தோலைத் தொட்டுப் பார்க்கும். அடுத்த நொடி ஒரு கால், பிறகு இன்னொரு கால்.

அந்த நேரத்தில் கையை இழுத்தால் ‘இந்தக் கிளை ஆடுகிறது’ என்று கிளி பதிய வைத்துக்கொள்ளும். அடுத்த முறை இறுக்கிப் பிடிக்கும். அதை நாம் கடி என்போம். மக்காவ் ஒரு கிலோவை ஒட்டிய பறவை, விரலில் ஏற்றக் கூடாது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், கைப்பகுதியை அதன் கால்களுக்குச் சற்று மேலே, வயிற்றை ஒட்டினாற்போல் ஆடாமல் நீட்டுங்கள். ஏறியதும் முழங்கையை விலாவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்கை விலகியிருந்தால் கிளி அதில் நடந்து தோளுக்குப் போய்விடும். கண்ணுக்கும் காதுக்கும் பக்கத்தில் அலகு இருப்பது நல்லதில்லை.

சின்னப் பிள்ளைகள் ஏற்ற வேண்டாம். நீளமான மரக்கரண்டியில் ஒரு வால்நட் துண்டை வைத்து, பெரியவர் பக்கத்தில் இருக்க, அவர்கள் நீட்டட்டும். பிள்ளைகளைக் கண்டதும் கிளி தானாக முன்னால் வர ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வெள்ளைக் காக்கட்டூ வளர்க்கிறேன். குஞ்சிலிருந்து மடியிலேயே வைத்திருந்தேன். இப்போது இரண்டு வயது. கீழே இறக்கினால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறது. மார்பு இறகைப் பிய்க்கவும் ஆரம்பித்துவிட்டது. கொஞ்சியது தப்பா?
– வாசகி, பாலக்கோடு

கொஞ்சியதில் தவறில்லை. தனியாக இருக்கவும் அதற்குப் பழக்கியிருக்க வேண்டும், அதுதான் விட்டுப்போயிற்று. பெரிய கிளிகளிலேயே காக்கட்டூதான் அதிகம் ஒட்டும். மார்போடு சாய்ந்து, கொண்டையை மடக்கி, குழந்தை மாதிரி கிடக்கும். அந்தச் சுகத்தில்தான் பலரும் அதை வாங்குகிறார்கள். நாள் முழுக்க மடி கிடைத்த பறவைக்கு மடி இல்லாத நேரத்தில் என்ன செய்வதென்றே தெரியாது. அதனால் கத்துகிறது, பிறகு தன் இறகையே பிய்க்கிறது.

இறகு பிய்ப்பது நோயாலும் வரும், கத்தலைக் கவனிக்கும் முன் அதைப் பாருங்கள். தோலில் பூஞ்சை, கல்லீரல் கோளாறு, குடல் ஒட்டுண்ணி எனப் பல காரணங்கள் உண்டு. தருமபுரிப் பக்கத்தவர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம். ஓசூர்ப் பக்கத்தவர்கள் பெங்களூரில் பறவை பார்க்கும் மருத்துவரைத் தேடலாம். போகும் முன் கிளி பார்ப்பவர் அன்று இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நோய் இல்லை என்று தெரிந்த பிறகு பழக்கத்தை மாற்றலாம். ஒரேயடியாக மடியை நிறுத்தாதீர்கள், பறவை உடைந்துவிடும். மடியில் இருக்கும் நேரத்தைச் சிறு சிறு துண்டாக்குங்கள். மடிக்குப் பதிலாக உங்கள் பக்கத்திலேயே ஒரு நிற்கும் கம்பம் வையுங்கள். நீங்கள் காய் நறுக்குகிறீர்கள், அது அங்கே நின்று எதையாவது கிழிக்கிறது: இதுவும் சேர்ந்திருப்பதுதான். காக்கட்டூவுக்குக் கிழிக்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சோளத் தோகை, பனையோலை, தென்னை மட்டைத் துண்டு, முருங்கைக் குச்சி எல்லாம் நம் பக்கத்தில் காசில்லாமல் கிடைப்பவை. மருந்து அடிக்காததாகப் பார்த்து, கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். அன்றைய தீனியில் பாதியைத் தோகைக்குள் பொட்டலமாக முடிந்து கூண்டில் தொங்கவிட்டால், அதைப் பிரித்துச் சாப்பிடவே காலை நேரம் போய்விடும்.

கத்தும்போது போகாதீர்கள், அதட்டவும் வேண்டாம். அதட்டலும் அதற்குப் பதில்தான். கத்தலை நிறுத்தி மூச்சு விடும் அந்த இடைவெளியில், அல்லது மெல்லிய குரலில் ஏதாவது முனகினால், உடனே பதில் கொடுங்கள். வீட்டுக்குள் எங்கே இருந்தாலும் ஒரே மாதிரி விசில் அடித்துக் காட்டுங்கள். கூட்டமாக வாழும் பறவைக்கு ‘எங்கே இருக்கிறாய்?’ என்ற கேள்விக்குப் பதில் வந்தாலே பாதிப் பதற்றம் அடங்கும். ஆரம்பத்தில் கத்தல் இன்னும் கூடும், எச்சரிக்கிறோம். அப்போது பொறுக்க மாட்டாமல் ஒருநாள் ஓடிப்போய்த் தூக்கிவிட்டால், இன்னும் பலமாகக் கத்தினால்தான் அம்மா வருவாள் என்று கற்றுக்கொள்ளும். வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒத்துழைக்க வேண்டும், முக்கியமாகப் பாட்டிமார்கள். காலையிலும் பொழுது சாயும்போதும் சிறிது நேரம் கத்துவது மட்டும் எல்லாப் பெரிய கிளிக்கும் இயல்பு. அதை நிறுத்த முயல வேண்டாம்.

காக்கட்டூவின் உடம்பிலிருந்து வெள்ளை மாவு கொட்டிக்கொண்டே இருக்கும். வாரம் மூன்று முறையாவது தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டுங்கள். அதே அறையில் மக்காவ் இருந்தால் பிரித்து வையுங்கள், அந்த மாவு மக்காவின் நுரையீரலைக் கெடுத்துவிடும்.

என் கணவரைக் கண்டால் தலையை மேலும் கீழும் ஆட்டி, தின்றதைக் கக்கி அவர் கையில் வைக்கிறது. உடம்பு சரியில்லையா?
– வாசகி, தருமபுரி

ஊட்டி விடுகிறது. இணைக்கும் குஞ்சுக்கும் தன் தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையிலிருந்து எடுத்து ஊட்டுவது கிளிகளின் வழக்கம். திட்டாமல், சிரித்துப் பாராட்டாமல், மெதுவாக இறக்கிவிட்டு வேறு வேலை கொடுங்கள். அடிக்கடி நடந்தால் அவர் முதுகைத் தடவுகிறாரா என்று பாருங்கள்.

வாந்தி இப்படி இருக்காது. யார் முன்னால் என்று பார்க்காமல் வரும், தலையை இடமும் வலமும் உதறும், தலை இறகிலும் கூண்டுக் கம்பியிலும் ஒட்டியிருக்கும். பறவை சோர்ந்து உப்பி உட்காரும். அப்போது அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தினமும் காலையில் தீனிக்கு முன் சமையல் தராசில் எடை போட்டுக் குறித்து வைப்பது நல்ல பழக்கம். கிளி நோயை மறைக்கும், தராசு மறைக்காது. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்க வேண்டாம்.

வாயில் வைத்து ஊட்டலாமா? முத்தம் கொடுக்கலாமா?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

வாயால் ஊட்டவே கூடாது. நம் எச்சிலில் உள்ள கிருமிகள் அதற்கு ஆகாது. கிளியிடமிருந்து கிளமிடியா என்ற நுண்ணுயிரால் கிளிக்காய்ச்சல் நமக்கும் வரும், அது நுரையீரலைத் தாக்கும். காய்ந்த எச்சத்தின் தூசியிலும் பரவும் என்பதால் கூண்டுத் தட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு வழியுங்கள். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தால் ‘வீட்டில் கிளி இருக்கிறது’ என்று டாக்டரிடம் சொல்லுங்கள். முத்தம் தர வேண்டுமென்றால் உச்சந்தலையில்.

நான் சமைக்கும்போது தோளிலேயே இருக்கிறது. இருக்கட்டுமா?
– வாசகி, பர்கூர்

வேண்டவே வேண்டாம். ஒட்டாத தவா அடுப்பில் காய்ந்து போனால் அதன் பூச்சிலிருந்து ஒரு வாயு வரும். நமக்கு ஒன்றும் தெரியாது, பக்கத்து அறையில் இருக்கும் கிளிகூடச் சில நிமிடத்தில் செத்துவிடும். கிளி வளர்க்கும் வீட்டில் இரும்புக் கல், எவர்சில்வர், மண்சட்டி போதும். கொசுவத்திச் சுருள், சாம்பிராணிப் புகையும் கிளி இருக்கும் அறைக்கு வேண்டாம்.

ஆப்பிரிக்கன் கிரே, ஐந்து வயது. என்னிடம் உயிராக இருக்கிறது. வீட்டுக்காரி பக்கத்தில் வந்தால் பாய்ந்து கடிக்கிறது. முன்பு அவரிடமும் நன்றாகத்தான் இருந்தது.
– வாசகர், அரூர்

பருவத்துக்கு வரும் வயது. ஒருவரை இணையாக எடுத்துக்கொண்டு மற்றவரை விரட்டுவது இந்த வயதில்தான் தொடங்கும். அப்படியே விட்டால் பல வருடம் நீடிக்கும்.

அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டம் எது என்று கண்டுபிடியுங்கள். இனி அதை உங்கள் மனைவி மட்டுமே கொடுக்க வேண்டும், வேறு யார் கையிலிருந்தும் கிடைக்கக் கூடாது. முதலில் அவர் கூண்டைக் கடந்து போகும்போது நிற்காமல், பார்க்காமல், கிண்ணத்தில் ஒரு துண்டு போட்டுவிட்டுப் போகட்டும். அவர் வருவதைக் கண்டு கிளி கிண்ணத்தருகே வந்து காத்திருக்க ஆரம்பித்ததும் கரண்டியில் நீட்டலாம், அதற்குப் பிறகு கையில். அவசரம் வேண்டாம், ஒரு படியில் கிளி விறைத்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். பிறகு ஒரு குச்சியின் நுனியை அலகால் தொட்டால் ஒரு துண்டு என்று ஐந்து நிமிடப் பாடம், அவர் நடத்த வேண்டும். கிளி அதிகம் புழங்காத அறையில் நடத்துங்கள், நீங்கள் அந்த அறையில் இருக்கவே கூடாது. நீங்கள் இருந்தால் அது உங்களைக் காவல் காக்கும்.

அவரைக் கடித்ததும் நீங்கள் ஓடிவந்து கிளியை எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். கடித்தால் பிடித்தவர் வருவார் என்றுதான் அது கணக்குப் போடும்.

கிரே மனம் மாறுமா என்று தயங்க வேண்டாம். 2020இல் வெளியான ஒரு ஆய்வில், தின்பண்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் வில்லைகளைத் தனக்கு எதுவும் கிடைக்காத நிலையிலும் பக்கத்துக் கூண்டுப் பறவைக்குக் கிரே கிளிகள் எடுத்துக் கொடுத்தன. நண்பனுக்குக் கூடுதலாக, ஆனால் நண்பன் அல்லாததற்கும் கொடுத்தன. அதே சோதனையில் நீலத்தலை மக்காவ்கள் கொடுக்கவில்லை.

மாம்பழம், களி எல்லாம் கையால் ஊட்டலாமா?
– வாசகர், போச்சம்பள்ளி

பழுத்த சதை இரண்டு மூன்று சிறு துண்டு போதும். தோல் வேண்டாம், பாலும் மருந்தும் அதில்தான் இருக்கும். கல் வைத்துப் பழுக்க வைத்தது என்று சந்தேகம் இருந்தால் கொடுக்காதீர்கள். கிளிமூக்குக் காயையும் உப்பு, மிளகாய் இல்லாமல் ஒரு கீற்று கொடுக்கலாம்.

உப்பில்லாத கேழ்வரகுக் களியைக் கோலிக்குண்டு அளவு, நன்றாக ஆறியபின் கொடுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. கால்சியம் குறைந்து வலிப்பு வரும் கிரே கிளிகளுக்கு முளைகட்டிய கேழ்வரகு நல்ல துணைத் தீனி. ஆனால் அது பெல்லட்டுக்கும் (கடையில் கிடைக்கும் கிளிகளுக்கான குறுணைத் தீனி) காய்கறிக்கும் மாற்று இல்லை. முருங்கைக்கீரை, கேரட், பரங்கி, பப்பாளி தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். வெண்ணெய்ப்பழம் (அவகாடோ), சாக்லேட், டீ, காபி, வெங்காயம் கூடவே கூடாது. நிலக்கடலையில் பூஞ்சை நஞ்சு இருக்கலாம், தவிர்த்துவிடுங்கள். சூரியகாந்தி விதையைக் கிண்ணத்தில் கொட்டாமல் கையால், பாடத்துக்குப் பரிசாக மட்டும் கொடுங்கள். கிண்ணத்தில் நிறைந்து கிடப்பதற்காக எந்தக் கிளியும் உங்களிடம் வராது.

இரவில் அலகை அரைக்கிற மாதிரி சத்தம். பூச்சிக் கோளாறா?
– வாசகர், ஊத்தங்கரை

தூங்கப் போகும் முன் நிம்மதியாக இருக்கும் கிளி அலகை அரைக்கும். விளக்கை அணைத்துவிடுங்கள்.

ஒரு மாதக் குஞ்சு மக்காவ் வாங்கப் போகிறேன். நாமே ஊசிக்குழலில் ஊட்டி வளர்த்தால்தான் பாசமாக இருக்கும் என்கிறார் விற்பவர். உண்மையா?
– வாசகர், பென்னாகரம்

இல்லை. தானாகத் தின்னப் பழகிய பிறகு வாங்கிய கிளியும் அதே அளவு ஒட்டும். பாசம் வருவது பிறகு நீங்கள் தினமும் கொடுக்கும் நேரத்தாலும், அது வேண்டாம் என்று சொல்லும்போது நீங்கள் நிறுத்துவதாலும். பழகாத கையில் ஊசிக்குழல் ஆபத்து. கூழ் 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தீனிப்பை வெந்து ஓட்டை விழும். ஆறிப்போனால் செரிக்காமல் தேங்கிப் புளிக்கும். குழல் தவறினால் கூழ் மூச்சுக்குழலில் இறங்கும். குஞ்சு தானாகத் தின்று, எடை குறையாமல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு எடுங்கள். அதற்குள் இரண்டு மூன்று முறை போய்ப் பழகுங்கள். மக்காவ் ஐம்பது வயதைத் தாண்டும் பறவை, உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

விற்பவரிடம் ரசீதும் பறவையின் பதிவு விவரமும் கேளுங்கள். 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் 2024இல் வந்த விதிகளும் மக்காவ், காக்கட்டூ, கிரே போன்ற வெளிநாட்டுக் கிளிகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ‘மக்காவ் விலை அதிகம், பச்சைக்கிளி தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். நம் நாட்டுச் செந்தார்ப் பைங்கிளியையும் பெரிய பச்சைக்கிளியையும் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். தகவலை வனத்துறை அலுவலகத்தில் சொல்லுங்கள்.